தலைசுற்றலுக்கென்றே ஒரு கிளினிக்: ஐந்துக்கு நாலு ஸ்டார்

விடியற்காலையில் வலப்பக்கம் புரண்டு படுத்தேன். அவ்வளவுதான், அலமாரி, ஜன்னல், கதவு எல்லாம் ஒரே திசையில் ஓட ஆரம்பித்தன. கட்டில் விளிம்பைப் பிடித்தபடியே வாந்தி. சுற்றல் அரை நிமிடத்தில் நின்றது, குமட்டல் மதியம்வரை விடவில்லை. மாமியார் பித்தம் என்றார், கணவர் பிரஷர் என்றார். மெஷினில் 124/80தான் காட்டியது.

மகள் மட்டும் உருப்படியாக ஒன்று செய்தாள். "அம்மா, பேரைச் சொல்லும்மா, சிரி, ரெண்டு கையையும் தூக்கு" என்றாள். வாய் குளறினாலோ, முகம் கோணினாலோ, ஒரு கை தொய்ந்தாலோ, ரெண்டு ரெண்டாகத் தெரிந்தாலோ, எழுந்து நிற்கவே முடியாவிட்டாலோ பக்கவாதமாக இருக்கலாம். வீட்டு வைத்தியம் பார்க்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். எனக்கு அதெல்லாம் இல்லை. தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்தேன். ஓஆர்எஸ் தண்ணீரை முதலில் அவசரப்பட்டு ஒரு டம்ளர் குடித்தேன், அப்படியே வெளியே வந்தது. பத்து நிமிடம் விட்டு ஸ்பூன் ஸ்பூனாகக் குடித்தது வயிற்றில் தங்கியது.

வேறோர் இடத்தில் தந்த மாத்திரையை இரண்டு வாரம் போட்டேன். தூக்கம் நன்றாக வந்தது. புரண்டால் சுற்றலும் வந்தது.

அப்புறம்தான் இந்த கிளினிக். டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "ஒரு தடவை வந்தா எவ்வளவு நேரம் சுத்துது?" இதை யாரும் அதுவரை கேட்கவில்லை. நாள்கணக்கில் விடாமல் சுற்றினால் காது நரம்பு அழற்சி, மணிக்கணக்கில் சுற்றிக் காதும் அடைத்து இரைந்தால் மெனியர் நோய் என்று சந்தேகிப்பார்களாம். என்னுடையது வினாடிக்கணக்கு. உள்காதில் இருக்கும் கால்சியம் துகள்கள் இடம் பெயர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் விழுந்திருக்கும் என்றார்.

கேமரா வைத்த கண்ணாடியை மாட்டி, தலையை வலப்பக்கம் 45 டிகிரி திருப்பி, சடாரென்று மல்லாக்கச் சாய்த்தார்கள். இரண்டு மூன்று வினாடி ஒன்றுமில்லை. அப்புறம் அறையே கவிழ்ந்தது. பின்னால் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினார்கள். தையல் மெஷின் ஊசி மாதிரி என் கண்மணி வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. வீட்டில் சொன்ன பித்தத்தையும் பிரஷரையும் அந்த ஒரு நிமிட வீடியோ ஓரங்கட்டிவிட்டது.

அதே மேஜையில் எப்ளி முறை, அதாவது தலையைத் திருப்பித் திருப்பியே அந்தத் துகள்களைக் குழாயிலிருந்து வெளியேற்றுவது. ஜான் எப்ளி என்ற அமெரிக்கக் காது மருத்துவர் 1992இல் வெளியிட்டது. தலையை ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிடத்துக்கு மேல் நிறுத்தி, இடப்பக்கம் உருட்டி, உட்காரவைத்தார்கள். ஊசி இல்லை, மருந்து இல்லை, பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டாம் தடவை செய்தபோது சுற்றவே இல்லை. மறுநாள் முழுக்க மெத்தைமேல் நடப்பதுபோல் இருந்தது, பிறகு அதுவும் போய்விட்டது.

ஒரு ஸ்டார் ஏன் குறைத்தேன்? எனக்குக் கழுத்து எலும்புத் தேய்மானம் உண்டு. சாய்ப்பதற்கு முன்னால் அவர்களாகக் கேட்டிருக்க வேண்டும், நானாகத்தான் சொன்னேன். துணைக்கு ஆள் வேண்டும் என்று போனிலேயே சொல்லியிருக்கலாம். வாந்திப் பையைத் தேடி எடுக்க நர்ஸ் பக்கத்து அறைக்கு ஓடினார். எல்லாவற்றுக்கும் மேல், தலைசுற்றிக்கொண்டு வருகிறவர்கள் காத்திருக்க சுழல் நாற்காலி போட்ட புண்ணியவான் யாரோ!

எட்டு மாதம் கழித்து மறுபடி வந்தது. இந்தத் தடவை மாத்திரைக்கு அலையாமல் மகளோடு நேரே போய்விட்டேன். நாற்காலியை இன்னும் மாற்றவில்லை.