முழங்காலுக்குள்ள கரையிற கொலாஜன் சவ்வு, மூண்டு வருஷம் தாண்டின என்ர அனுபவம்

முழங்காலில வச்ச சவ்வு எப்பிடி இருக்கு எண்டு கனபேர் கேக்கினம், அதான் எழுதுறன். பட்மின்டன் விளையாடேக்க முழங்கால் திருகினது, எம்ஆர்ஐ எடுத்துப் பாத்தா மற்ற இடமெல்லாம் வடிவா இருக்கு, தொடை எலும்பின்ர நுனியில ஒரே ஒரு இடத்தில குருத்தெலும்பு கழண்டு குழி விழுந்திருக்கு. குருத்தெலும்புக்குள்ள ரத்தக்குழாய் இல்ல, அதால தானா ஆறாது. நரம்பும் இல்லையாம், அப்ப ஏன் டொக்டர் இப்பிடி நோகுது எண்டு கேட்டன், நோகிறது அடியில இருக்கிற எலும்பும் மூட்டைச் சுத்தியிருக்கிற சவ்வும் எண்டார்.

1980களில அமெரிக்காவில ரிச்சர்ட் ஸ்டெட்மன் கொண்டுவந்த மைக்ரோஃப்ராக்சர் எண்ட முறைதான் எனக்குச் செய்த ஒபரேஷனுக்கும் அடிப்படை. குழிக்குள்ள எலும்பில சின்னச் சின்ன ஓட்டை போட்டா ரத்தமும் எலும்புக்குள்ள இருக்கிற மச்சைச் செல்லும் கசிஞ்சு வந்து புதுசா ஒரு திசு வளரும். ஆனா வளர்றது நார்க் குருத்தெலும்பு, பழைய வழவழப்பான சாமானுக்கு ஈடில்ல, சில வருஷத்தில திரும்பத் தேஞ்சுபோகவும் கூடும். அதுக்காகத்தான் எனக்கு அந்த ஓட்டைகளுக்கு மேல கொலாஜன் எண்ட புரதத்தில செய்த சவ்வொண்டைக் குழியின்ர அளவுக்கு வெட்டி ஃபைப்ரின் எண்ட மருத்துவப் பசையால ஒட்டினவை. சொரசொரப்பான பக்கம் எலும்பைப் பாத்து, வழுவழுப்பான பக்கம் மூட்டைப் பாத்து. பாவக்காய்க்குப் பந்தல் போடுற கதைதான், கொடி படர்ந்தாப்பிறகு பந்தல் தன்பாட்டில உக்கிப்போகும்.

அந்தக் கொலாஜன் பண்டியில இருந்து எடுக்கிறது. சுத்த சைவமான அம்மாவுக்கு இத நான் இன்னும் சொல்லேல்ல, நீங்களும் சொல்லிப்போடாதேங்கோ. சமயம் பாக்கிற ஆக்கள் ஒபரேஷனுக்கு முதலே டொக்டரிட்டக் கேளுங்கோ, அவையா வாய் திறக்க மாட்டினம்.

ஒபரேஷனை விடப் பிறகு வந்த காலம்தான் கஷ்டம். கிழமைக்கணக்கா ஊண்டுகோல், காலில பாரம் வைக்க ஏலாது, கொழும்பு வெள்ளவத்தையில லிஃப்ட் இல்லாத பிளாட்டில மூண்டாம் மாடி எண்டா யோசிச்சுப் பாருங்கோ. தொடைத் தசை அப்பிடியே வத்திப்போச்சு. காலை நீட்டி முழங்காலுக்குக் கீழ துவாயைச் சுருட்டி வச்சு அமத்துற பயிற்சி பாக்க ஒண்டுமில்லாத மாதிரி இருக்கும், ஆனா பிசியோ விடவே மாட்டா, நானும் விடேல்ல. சவ்வுக்குக் காசு குடுத்தாச்சு இனி அது பாத்துக்கொள்ளும் எண்டு இருக்கிற ஆக்களுக்கு இது சரிவராது.

இப்ப நடை பிரச்சினையில்ல, படி ஏறுறதும் ஓகே. இறங்கேக்க மட்டும் சிலநேரம் கிளிக் எண்டு சத்தம், நோ இல்ல. காலி வீதியில 100 பஸ் முழுசா நிக்க முதலே கொண்டக்டர் பஹின்ன பஹின்ன (இறங்கு இறங்கு) எண்டு சிங்களத்தில கத்துவானே, அப்ப நல்ல காலைத்தான் முதல் வைக்கிறன். குந்தி இருந்தா கொஞ்ச நேரத்தில இறுகும். பட்மின்டன் வேண்டாம் எண்டிட்டார், நீந்தச் சொன்னார்.

வேற வழிகளும் இருக்கு. எங்கட செல்லையே எடுத்து வெளியில வளத்துத் திரும்ப வைக்கிறதை சுவீடன்காரர் 1987லயே தொடங்கிட்டினம், அதையே கொலாஜன் சவ்வில ஏத்தி வைக்கிற மேசிக்கு 2016ல அமெரிக்க அனுமதி கிடைச்சது. பவளப்பாறையில இருந்து செய்யிற அஜிலி-சி எண்ட கரையிற முளைக்கு 2022ல.

எங்கட மாமி தனக்கும் இதையே வைக்கலாமோ எண்டு கேட்டவ. அவவுக்கு ரெண்டு முழங்காலும் முழுக்கத் தேஞ்சது, இந்தச் சவ்வு ஒரு இடத்தில விழுந்த குழிக்குத்தான். அவவின்ர டொக்டர் நிறையைக் குறைச்சுத் தொடைப் பயிற்சி செய்யச் சொன்னவர், அதிலயும் சரிவராட்டி மூட்டு மாத்துறது. மாமி நிறைக் கதையை மட்டும் கேக்காத மாதிரி இருக்கிறா.