கொழும்பு வீட்டுப் புற்றரைக்கு எந்தப் பம்ப் சரி?

பழைய சோனகத் தெருவில் ஒரு கடைக்குள் நுழைந்து ஸ்பிரிங்க்ளருக்குப் பம்ப் வேண்டும் என்றால், பெரும்பாலும் முதலில் வரும் கேள்வி "எத்தனை எச்.பி.?", அதாவது மோட்டார் எத்தனை குதிரைவலு என்பதுதான். அதற்கு உடனே பதில் சொல்லிவிட வேண்டாம். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மாசி மாதத்தில் கிணற்று நீர் எவ்வளவு கீழே போகிறது, புல்லில் என்ன நொசில் (நீரைத் தெளிக்கும் முனை) பூட்டப் போகிறீர்கள் என்ற மூன்றும் தெரிந்தால் எச்.பி. தானாகவே வந்துவிடும்.

கொழும்புக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மி.மீ. மழை கிடைக்கிறது. ஆகவே பம்புக்கு உண்மையான வேலை தையிலும் மாசியிலும்தான். கிணற்று நீர் இறங்கி நிற்பதும் அதே நாட்களில்தான். ஐப்பசி மழையில் கிணறு நிரம்பியிருக்கும்போது அளந்து வாங்கிய பம்ப், தேவைப்படும் நேரத்தில் காற்றை இழுக்கும். அந்த வறண்ட நாட்களில் புல்லுக்கு நாளொன்றுக்கு 4 முதல் 5 மி.மீ. நீர் போதும். ஒரு சதுர மீற்றருக்கு 1 மி.மீ. என்றால் 1 லீற்றர். 5 பேர்ச் புற்றரை சுமார் 126 சதுர மீற்றர் வரும், அதாவது ஒரு நாளைக்கு 630 லீற்றர். இந்தப் புற்றரையையே அளவுகோலாக வைத்து ஒவ்வொரு பம்பையும் பார்ப்போம்.

அதற்கு முன் நொசில். இந்த இடம் 9 மீற்றருக்கு 14 மீற்றர் என்று வைத்துக்கொண்டால், நீர் வரும்போது நிலத்திலிருந்து மேலெழும் சாதாரண பொப்-அப் ஸ்பிரே தலைகள் 12 வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்தால் நிமிடத்துக்கு சுமார் 84 லீற்றர் கேட்கும். வால்வு வைத்து இரண்டு பகுதியாகப் பிரித்தால் 42 லீற்றர். பகுதிக்கு ஏழெட்டு நிமிடம் ஓடினால் போதும். மெல்லச் சுழன்று இழை இழையாகத் தெளிக்கும் ரோட்டரி நொசில்களைப் பூட்டினால், முழுப் புற்றரைக்குமே நிமிடத்துக்கு 21 லீற்றர்தான். ஆனால் அரை மணித்தியாலம் ஓட வேண்டும், அமுக்கமும் கூடுதலாக வேண்டும். ஸ்பிரே 2.1 பாரில் நன்றாக வேலை செய்யும், ரோட்டரிக்கு 2.8 பார் தேவை. 1 பார் என்பது நீரை ஏறக்குறைய 10 மீற்றர் உயர்த்தும் அமுக்கம். மாசியில் கிணற்று நீர் பம்பிலிருந்து 5 மீற்றர் கீழே நிற்கிறது என்றும், குழாய்களில் 4 மீற்றர் அளவு அமுக்கம் இழக்கப்படுகிறது என்றும் கொண்டால், எல்லாம் கூட்டி, ஸ்பிரேக்கு 30 மீற்றர் உயரத்தில் நிமிடத்துக்கு 42 லீற்றரும், ரோட்டரிக்கு 37 மீற்றரில் 21 லீற்றரும் தரும் பம்ப் வேண்டும்.

கூரைத் தாங்கியிலிருந்து நேரே விட்டால் என்ன என்று பலரும் கேட்கிறார்கள். தாங்கி 6 மீற்றர் உயரத்தில் இருந்தால் கிடைப்பது 0.6 பார். அது ஹோஸ் பிடித்து ஊற்றத்தான் உதவும்.

சரி, பம்புகளுக்கு வருவோம். மிக மலிவானது அரை எச்.பி. பெரிபெரல் பம்ப். கிணற்றிலிருந்து கூரைத் தாங்கிக்குத் தண்ணீர் ஏற்ற எத்தனையோ வீடுகளில் இருப்பது இதுதான். பம்பின் பெயர்த்தட்டில் "40 மீற்றர், நிமிடத்துக்கு 40 லீற்றர்" என்று இருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது. 40 மீற்றர் உயர்த்தும்போது நீர் ஏறக்குறைய வராது, 40 லீற்றர் வரும்போது அமுக்கம் இருக்காது. நடுவில் 20 லீற்றர் எடுத்தால் உயரம் பாதிக்குச் சற்று மேல்தான் தேறும். மேலே போட்ட இரண்டு கணக்குக்கும் அது எட்டாது. உள்ளே சுழலும் பாகத்துக்கும் உடலுக்கும் இடையே இடைவெளி மிகக் குறைவு என்பதால், கிணற்று மணல் கொஞ்சம் சேர்ந்தாலே தேய்ந்துவிடும். வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது என்பதற்காக இதைப் புற்றரைக்குப் பயன்படுத்தாதீர்கள்.

உண்மையான போட்டி ஒரு எச்.பி. அளவில், நீரைச் சுழற்றி வெளியே தள்ளும் சென்ட்ரிஃபியூகல் பம்புக்கும் ஜெட் பம்புக்கும் இடையேதான். நீரின் அளவு கூடினாலும் குறைந்தாலும் சென்ட்ரிஃபியூகல் பம்பின் அமுக்கம் அதிகம் மாறாது. ஒரு பகுதியில் ஐந்து தலை, இன்னொன்றில் ஏழு தலை என்று இருந்தாலும் தெளிப்பு ஒரேமாதிரி இருக்கும். அதே மின்சாரத்துக்கு நீரும் கூடுதலாகத் தரும், சத்தமும் குறைவு. இரண்டு பகுதி ஸ்பிரேக்கு இது கச்சிதம். ரோட்டரி கேட்கும் 37 மீற்றருக்குத்தான் இந்த அளவுப் பம்புகள் பல தடுமாறும்.

ஜெட் பம்ப் தான் இறைத்த நீரில் ஒரு பங்கைத் திருப்பி உள்ளேயே ஒரு குறுகிய துளை வழியாகப் பீய்ச்சி, அந்த வேகத்தால் கிணற்று நீரை இழுக்கிறது. திருப்பிவிடும் பங்கு நட்டம்தான். ஆனால் அதற்குக் கைமாறாக ஒன்று கிடைக்கிறது. உறிஞ்சு குழாயில் காற்று புகுந்தாலும், பம்பின் வயிற்றில் நீர் இருக்கும்வரை அது தானே காற்றை வெளியேற்றி மீண்டும் இழுக்கத் தொடங்கும். சாதாரண சென்ட்ரிஃபியூகலில், உறிஞ்சு குழாயின் அடியில் நீரைத் திரும்ப இறங்க விடாமல் பிடிக்கும் ஃபுட் வால்வ் இரவில் கொஞ்சம் கசிந்தாலே காலையில் குழாய் காலி. டைமர் 5 மணிக்குப் பம்பைப் போட்டுவிடும், நீங்கள் தூக்கத்தில் இருப்பீர்கள். நீரில்லாமல் ஓடி, சுழலும் தண்டோரம் நீர் கசியாமல் அடைக்கும் மெக்கானிக்கல் சீல் கருகிப் போகும். யாராவது பக்கத்தில் நின்று சுவிட்ச் போடும் வீட்டில் இது சின்ன விஷயம். டைமர் வைத்த வீட்டில் என்னைப் பொறுத்தவரை இதுவே முடிவைத் தீர்மானிக்கிறது. டைமர் இருந்தால் ஜெட் வாங்குங்கள், அதோடு ரோட்டரி நொசிலையும் எடுங்கள். அந்த 37 மீற்றர் ஒரு எச்.பி. ஜெட்டுக்குப் பெரிய பாரமில்லை. ஜெட்டின் இரைச்சலை மட்டும் மறக்க வேண்டாம். பக்கத்து வீட்டுப் படுக்கையறைச் சுவரை ஒட்டி அதைப் பூட்டுவது முறையல்ல.

இரண்டுக்கும் பொதுவான எல்லை ஒன்று உண்டு. இப்படி மேலே நின்று ஒரே குழாயால் இழுக்கும் எந்தப் பம்பும் நடைமுறையில் 7 அல்லது 8 மீற்றர் ஆழத்துக்கு மேல் இழுக்காது. இழுப்பது உண்மையில் காற்றமுக்கம், அதன் முழு வலுவே சுமார் 10 மீற்றர்தான். மாசியில் நீர் அதற்குக் கீழே போகும் கிணறென்றாலும், குழாய்க்கிணறென்றாலும் நீரில் மூழ்கும் பம்பே நல்ல வழி. சத்தமில்லை, காற்றுப் பிரச்சினையில்லை, திறனும் நல்லது. விலை கூட, பழுது என்றால் மேலே தூக்க வேண்டும், மின்கசிவுக்கு ட்ரிப் சுவிட்ச் கட்டாயம். நீர் ஆழமில்லாத கிணற்றுக்கு அந்தக் கூடுதல் செலவுக்குத் தேவை தெரியவில்லை.

குழாய்த் தண்ணீர் மட்டுமே உள்ள வீடுகளுக்கு, நிலத்தில் தாங்கி வைத்து பிரெஷர் பம்ப் பூட்டச் சொல்வார்கள். தெருக் குழாயிலிருந்து நேரே பம்பால் இழுப்பது கூடவே கூடாது. அயலவருக்கு நீர் குறையும், குழாய் வெடிப்புகள் வழியாக அழுக்கும் உள்ளே வரும். வேகத்தைத் தானே மாற்றும் இன்வேர்ட்டர் வகை வீட்டுக் குழாய்களுக்கு அருமையானது. புற்றரைக்கு அதன் பயன் குறைவு, ஏனென்றால் ஒரு பகுதி ஓடும்போது தேவை மாறுவதே இல்லை. சித்திரையிலும் ஐப்பசியிலும் இங்கே விழும் இடிமின்னல் அதன் மின்னணுப் பலகைக்கு ஆபத்து. தாங்கிக்கு மூடி இறுக்கமாக இருக்கட்டும், டெங்கு நுளம்புக்கு ஒரு சிறு திறப்பே போதும்.

மின்கட்டணத்தை நினைத்துத் திறன் கூடிய பம்புக்கு அதிகம் கொடுக்க வேண்டியதில்லை. ஒரு எச்.பி. பம்ப் நாளுக்கு கால் மணித்தியாலம் ஓடினால் மாதத்துக்கு 8 அலகு அளவு, ரோட்டரிக்கு அதைப்போல் இரண்டு மடங்கு. செலவு நீரில்தான் இருக்கிறது. 630 லீற்றர் வீதம் மாதத்துக்கு 19 அலகு (அலகு ஒன்று 1,000 லீற்றர்) குழாய்த் தண்ணீர், பாவனை கூடக் கூட அலகு விலையும் ஏறும் கட்டண முறையில் வந்து சேரும். களனி ஆற்றில் நீர் குறைந்து, கொழும்புக்குக் குடிநீர் எடுக்கும் அம்பத்தளைப் பக்கம் உப்பு ஏறும் அந்த வறண்ட மாதங்களில் குடிநீரைப் புல்லுக்கு ஊற்றுவது எனக்குச் சரியாகவும் படவில்லை. கிணறு இருந்தால் கிணற்றையே பாருங்கள்.

வெள்ளவத்தை, தெஹிவளைக் கடலோரத்தில் மட்டும் முதலில் நீரைச் சோதித்துக்கொள்ளுங்கள். உவர் நீரை மலேசியன் புல் தாங்காது, வார்ப்பிரும்புப் பம்பும் தாங்காது. உள்நாட்டுப் பக்கம் கபுக்கல் (செம்புறைக்கல்) நிலத்தில் இரும்புச்சத்து கூடிய நீர் நொசிலை அடைக்கும், வடிகட்டி வேண்டும்.

கடையில் எச்.பி.யைச் சொல்லாமல் "30 மீற்றரில் 42 லீற்றர்" என்று உங்கள் கணக்கைச் சொல்லி, எந்த உயரத்தில் எவ்வளவு நீர் வரும் என்று காட்டும் பம்பின் வளைகோட்டு அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். அந்தப் புள்ளி கோட்டின் நடுப்பகுதியில் விழ வேண்டும். ஜினசேனவோ பெட்ரொல்லோவோ வேறெதுவோ, சீலும் கப்பாசிற்றரும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டே காசைக் கொடுங்கள்.