இன்சுலின் சிரிஞ்சா, 2 எம்.எல். சிரிஞ்சா?

கும்பகோணம் பக்கம் ஊசியில் போதை மருந்து எடுப்பவர்களுக்குப் புது சிரிஞ்சு கொடுத்து, பழையதை வாங்கி வரும் வேலை எனக்கு. இரண்டு வகை கொண்டுபோவேன்: ஊசியைக் கழற்றி மாட்டும் 2 எம்.எல்., ஊசி சேர்ந்தே வரும் 1 எம்.எல். இன்சுலின் சிரிஞ்சு. போன வருஷத்திலிருந்து பையில் இன்சுலின்தான் அதிகம்.

அதன் ஊசி மெல்லியது, வலி குறைவு. இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். என்னை மாற்றியது உள்ளே தங்கும் மிச்சம்.

பிஸ்டனைக் கடைசிவரை அழுத்தினாலும் 2 எம்.எல்.லில் ஊசி மாட்டும் கழுத்துப் பகுதியில் கொஞ்சம் நின்றுவிடும். அளந்து பார்த்த கணக்கு, சுமார் 84 மைக்ரோலிட்டர். இன்சுலின் சிரிஞ்சில் ஏறக்குறைய 2. எண்ணைச் சொன்னால் யாருக்கும் மனதில் நிற்கவில்லை. ஒருநாள் அரசலாற்றுப் படித்துறையில் உட்கார்ந்து, சிவப்பு மை கரைத்த தண்ணீரை இரண்டிலும் இழுத்துத் தள்ளினேன். பிறகு நல்ல தண்ணீரை இழுத்தேன். 2 எம்.எல்.லில் தண்ணீர் ரோஸ் நிறமானது. மற்றதில் நிறமே தெரியவில்லை.

"அண்ணே, அப்ப அவ்வளவு மருந்தும் வீணாத்தான் போகுதா?" என்றான் ஒரு தம்பி. அவன் கவலை மருந்து. எனக்கு அந்த ரோஸ் நிறம், அடுத்தவன் ரத்தம். கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் சி கிருமி இப்படி மிச்சம் தங்கும் சிரிஞ்சுக்குள் 63 நாள் வரை உயிரோடு இருந்ததை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். அதற்குத் தடுப்பூசி கிடையாது. மிச்சம் குறைந்த சிரிஞ்சையும் சேர்த்துக் கொடுக்கும்படி உலக சுகாதார நிறுவனம் 2012லேயே சொல்லிவிட்டது. அதற்காக இன்சுலின் சிரிஞ்சைப் பகிரலாம் என்றில்லை. ஆளுக்கொன்று, ஒவ்வொரு முறையும் புதிது. பஞ்சும் தண்ணீரும்கூடத் தனித்தனி.

ஆனால் கை நரம்பெல்லாம் கெட்டுப்போனவர்களுக்கு இன்சுலின் சிரிஞ்சின் குட்டை ஊசி எட்டாது. ஆரம்பத்தில் ஒருவர் 2 எம்.எல். கேட்டபோது, இதுதான் நல்லது என்று இன்சுலினையே நீட்டினேன். அவர் வாங்காமல் போய், வேறொருவர் போட்டு வைத்த பழைய சிரிஞ்சை எடுத்துக்கொண்டார். அது என் தவறு.

கழற்றி மாட்டும் ஊசியிலேயே மிச்சம் குறைவாகத் தங்கும் வகையும் உண்டு. நான் ஒரே ஒரு பெட்டிதான் கையாண்டேன், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

இப்போது இன்சுலின் கட்டுக்கு அடியில் 2 எம்.எல். பத்தாவது இருக்கும். கேட்டால் காரணம் கேட்காமல் கொடுத்துவிட்டு, ரத்தப் பரிசோதனை எங்கே என்று விசாரிக்க எய்ட்ஸ் உதவி எண்ணான 1097ஐயும் சொல்லிவிட்டு வருகிறேன்.