அடுப்படிப் போத்தலா, கடைப் பக்கற்றா, வாங்கிய கன்றா?

புரட்டாதி பிறந்தால் மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் ஒழுங்கை முழுக்க ஒரே கதைதான். மாரிக்கு என்ன போடுகிறீர்கள், விதை எங்கே எடுத்தீர்கள்? போன ஞாயிறும் அப்படித்தான். பக்கத்து வளவு மாமி, எனக்கு மாட்டெரு கொண்டுவந்து தரும் காத்தான்குடிக் காக்கா (அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள்), நான் என்று மூன்று பேரும் கிணற்றடியில் இருந்து, இரண்டு தரம் தேத்தண்ணி குடித்து முடியும்வரை வாதாடினோம். மாமி வீட்டு விதைக் கட்சி. அவருடைய அடுப்படித் தட்டில் சீனிப் போத்தலை விட விதைப் போத்தல்தான் கூட. காக்கா பக்கற் கட்சி. அதிலும் ஹைபிரிட் என்றால்தான் கையை நீட்டுவார். நான் சோம்பேறிக் கட்சி. கன்றாக வாங்கி வந்து நட்டுவிட்டுப் போகிறவள்.

யார் சொல்வது சரி என்று கேட்டால், எந்தப் பயிர் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

பயிற்றையில் மாமியை வெல்ல ஆளில்லை. அதன் பூ விரிவதற்கு முன்பே பெரும்பாலும் தனக்குள்ளேயே மகரந்தம் சேர்த்துக்கொள்ளும். அதனால் பிள்ளை தாயைப் போலவே இருக்கும். பக்கத்தில் யார் என்ன நட்டாலும் கவலையில்லை. ஆனால் மாமியின் கெட்டித்தனம் வேறு இடத்தில் இருக்கிறது. நம்மில் அநேகர் நல்ல காயையெல்லாம் கறிக்கு ஆய்ந்துவிட்டு, கொடி வாடும் நேரத்தில் மிஞ்சிய சுருட்டைக் காயை விதைக்கு விடுகிறோம். மாமி நன்றாகக் காய்க்கும் கொடியில் முதல் வரும் நீளமான நாலைந்து காய்களில் சீலைத் துண்டைக் கட்டிவிடுவார். அதில் பேரப்பிள்ளைகளும் கைவைக்கக் கூடாது. காய் கொடியிலேயே காய்ந்து கலகலக்கும்போது பறித்து, உடைத்து, இன்னும் இரண்டு மூன்று நாள் காயவிட்டு, வண்டு விழாமல் சாம்பலில் பிரட்டிப் போத்தலில் அடைப்பார். போத்தலின் அடியில் வறுத்து ஆறிய அரிசி ஒரு பிடி, ஈரத்தை அது குடித்துக்கொள்ளும். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊரில் விதையைக் கெடுப்பது வண்டை விட இந்த ஈரம்தான்.

இதே மாமி பூசணியில் தோற்றுப்போனார். பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. தேனீ எந்த வளவிலிருந்து வருகிறது என்று யார் கண்டது? மூன்றாவது வருடம் காயின் உருவமும் மாறிவிட்டது, ருசியும் மாறிவிட்டது. அதற்கும் வழி இருக்கிறது. நாளைக்கு விரியப்போகிற ஆண் மொட்டையும் பெண் மொட்டையும் பின்னேரமே நூலால் கட்டிவிட வேண்டும். விடிய எழும்பி ஆண் பூவின் இதழைக் கிள்ளிவிட்டுப் பெண் பூவில் தடவி, திரும்பக் கட்டி, காம்பில் அடையாளம் போட வேண்டும். ஒரே கொடியின் பூக்களே போதும். செய்து பார்த்தேன், பிடிக்கிறது. ஆனால் விடியப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிற வீட்டில் இது நடக்கிற காரியமா? பூசணிக்கும் பாகலுக்கும் நான் பக்கற்றுக்கே வாக்குப் போடுகிறேன். (பாகலுக்குப் பக்கத்தில் நட்டால் புடோல் கசக்கும் என்று மாமி இன்னும் சொல்கிறார். இரண்டும் வேறு வேறு சாதி, ஒன்றோடொன்று கலக்காது. நான் சொல்லி அவர் கேட்கப்போவதில்லை.)

பக்கற் என்றவுடன் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடுவதுதான் பிழை. விவசாயத் திணைக்களம் வெளியிட்ட எம்.ஐ. 5 வெண்டி, கே.ஏ. 2 கொச்சிக்காய், திருநெல்வேலி வெள்ளைப் பாகல் எல்லாம் ஹைபிரிட் அல்ல. ஒருமுறை வாங்கினால் நாமே விதை எடுத்து வைத்துக்கொள்ளலாம். திருநெல்வேலி என்றால் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி. இந்தியாவிலிருந்து வந்தது என்று நானும் கனகாலம் நினைத்திருந்தேன். ஹைபிரிட் அப்படியில்லை. இரண்டு தனி வர்க்கங்களை ஒவ்வொரு முறையும் புதிதாகச் சேர்த்து எடுக்கிற விதை அது. அடுத்த தலைமுறையில் குணங்கள் பிரிந்துபோகும். காக்கா தந்த ஹைபிரிட் தக்காளியில் ஆசைப்பட்டு விதை எடுத்து நட்டேன். ஒரு செடி கோலிக்குண்டு அளவில் காய்த்தது, ஒன்று பிந்திக் காய்த்தது, ஒன்று இலையை மட்டும் காட்டிக்கொண்டு நின்றது. மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "அது என்ன கா, ஒரு வருசத்தில பேரை மறக்கிற விதை?" என்றார்.

ஆனாலும் காக்காவின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. ஹைபிரிட் ஒரே மட்டத்தில் வளரும், ஒரே நேரத்தில் கை நிறையத் தரும். விற்கிறவருக்கு அது வேண்டும். அவருடைய காணி வாவிக்கு மேற்கே படுவான்கரையில், வவுணதீவுப் பக்கம். அந்த மண் தண்ணீரைப் பிடித்து வைக்கும், போட்ட பசளையையும் விடாது. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் எங்கள் மணலில் காலையில் ஊற்றிய தண்ணீர் மத்தியானத்துக்கு முன் போன இடம் தெரியாது, அதோடு பசளையும் போய்விடும். நிறையத் தின்கிற செடிக்குப் பசி தாங்காது. எனக்கோ ஒரே நாளில் பத்துக் கிலோ தக்காளி வேண்டாம். கிழமைக்கு ஒரு சொதிக்கும் ஒரு சம்பலுக்கும் காணும். அதற்குத் திலின என்கிற தக்காளி போதும். வாடல் நோயைத் தாங்குகிற இனம், விதையும் எடுக்கலாம். பழுத்த பழத்தின் சாறோடு விதையை இரண்டு நாள் புளிக்கவிட்டு, வழுவழுப்புப் போகக் கழுவி நிழலில் காயவைத்தால் சரி. ஒன்று மட்டும்: மார்கழிக் கடும் மழையில் பூவெல்லாம் கொட்டிவிடும். நான் கார்த்திகையில் கூரைக்குக் கீழே நாற்றுப் போட்டு, மழை தணியும்போது வளவில் இறக்குகிறேன்.

2022ஐ நினைத்தால் மாமியின் போத்தலுக்குத் தனி மரியாதை வரும். முந்திய வருடம் அரசாங்கம் இரசாயனப் பசளையைத் தடைசெய்து, பிறகு தடையை எடுத்தும் விலை எட்டாத உயரத்துக்குப் போயிருந்தது. அந்த ஆனியில், வீட்டில் தோட்டம் செய்யுங்கள் என்று அரச ஊழியர்களுக்கு மூன்று மாதத்துக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்தார்கள். ஒழுங்கையில் மண்வெட்டி பிடிக்காதவர்களும் பிடித்தார்கள். நான் போன கடைகளில் தட்டு வெறுமை. எங்கள் ஒழுங்கையில் அந்த முறை ஓடிய பயிற்றைக் கொடி எல்லாம் மாமியின் ஒரு போத்தலிலிருந்து வந்ததுதான். காஸ் கிடைக்காமல் திரும்ப மூட்டிய விறகடுப்பின் சாம்பலும் வீணாகவில்லை.

இனி என் கட்சி. கன்று வாங்குவதில் ஒரு மாதம் மிச்சம். கொச்சிக்காய் முளைக்கவே ஒரு கிழமைக்கு மேல் எடுக்கும், மழையில் நாற்று அடியழுகிச் சாயும். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் ஐந்தாறு செடி போதும் என்பவர்களுக்கும் கன்றுதான் தோது. ஆனால் என்ன இனம் என்று கேட்டால் விற்கிறவர் "நல்ல இனம்" என்பார், அவ்வளவுதான். வேரோடு வரும் மண்ணில் என்ன வருகிறதென்றும் தெரியாது. ஒருமுறை வாங்கிய கத்தரிக் கன்றுகள் பூக்கிற பருவத்தில் பச்சை மாறாமலே தலை தொங்கின. தண்டை வெட்டித் தண்ணீர்க் கிளாசில் வைத்தேன். பால் போல ஒரு நூல் இறங்கியது. பக்டீரியா வாடல். கன்றோடு வந்ததா, என் மண்ணில் முன்பே இருந்ததா என்று சத்தியம் பண்ண மாட்டேன். அந்த மூலையில் கத்தரி, தக்காளி, கொச்சிக்காய் மூன்றையும் நிறுத்திவிட்டு இப்போது மரவள்ளி நிற்கிறது. கன்று வாங்கினால் முதல் இரண்டு கிழமை தனிப் பையில் வைத்துத்தான் பார்க்கிறேன். வாடல் அதற்குள் காட்டிவிடும் என்றில்லை, ஆனால் வேர்முடிச்சு, வெள்ளை ஈ மாதிரிச் சாமான்கள் பிடிபடும்.

எழும்பும்போது காக்கா பயிற்றை விதை ஒரு பிடி கேட்டு வாங்கிப் பேப்பரில் சுற்றிக்கொண்டார். "முதல் காயைத் தின்னப்படாது மனே" என்று மாமி படலை வரைக்கும் சொல்லிக்கொண்டு போனார். வெண்டியில் மட்டும் மூவருக்கும் ஒத்துவரவில்லை. அதன் பூ தனக்குள்ளும் சேரும், தேனீ வந்தால் கலக்கவும் செய்யும். மாமியின் வெண்டி இப்போது பிஞ்சிலேயே நார் வைக்கிறது. நான் இந்த முறை எம்.ஐ. 5 புதுப் பக்கற் எடுத்து, அடுத்த இரண்டு மாரிக்கு அதிலிருந்தே விதை எடுப்பதாக இருக்கிறேன்.