எச் விசையா, 'த' விசையா?

பாலக்கோட்டில் பார்வையற்ற தங்கை ஒருத்திக்கு திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் என்விடிஏ திரைவாசிப்பான் சொல்லிக்கொடுத்து வருகிறேன். குறுக்குவிசைகளை ஆங்கிலத்திலேயே விடுவதா, தமிழாக்குவதா என்பது எங்களுக்குள் ஓயாத பேச்சு.

இணையப் பக்கத்தில் தலைப்புக்குத் தாவ எச், பட்டியலுக்கு எல், பொத்தானுக்கு பி, படத்துக்கு ஜி. ஆங்கிலம் தெரிந்தவருக்கு முதலெழுத்தே துப்பு. அவளுக்கு வெறும் மனப்பாடம்.

சரி, தமிழாக்கினால்? தலைப்புக்கு 'த' நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பட்டியல், பொத்தான், படம் மூன்றும் 'ப'வில் வந்து முட்டுகின்றன. "அக்கா, எந்தப் ப?" என்று கேட்டாள். போதாததற்கு, தமிழ்99 விசைப்பலகையில் 'த' இருப்பதே எல் விசையில். பழகிய விரல் அங்கே பட்டியலைத் தேடும். விசைகளை மொழிக்கேற்ப மாற்றினால் வேறு சிக்கலும் உண்டு: ஸ்பானிய வேர்டில் சேமிக்க கன்ட்ரோலோடு ஜியை அழுத்த வேண்டும். ஆங்கில வேர்டில் கன்ட்ரோலோடு எஸ் அழுத்திப் பழகியவர் தடுமாறுவார். கண்ணால் பார்ப்பவர் மெனுவில் தேடிக்கொள்ளலாம். விசையையே நம்பியிருப்பவருக்கு வழியே மாறிவிடும்.

ஆகவே விசை ஆங்கிலத்தில் இருக்கட்டும், விளக்கம் தமிழில் வரட்டும் என்பேன். தருமபுரியில் வேறு கணினியில் உட்கார்ந்தாலும் அதே விசை கைகொடுக்கும். அப்புறம், இன்சர்ட்டோடு 1ஐ அழுத்தினால் உள்ளீட்டு உதவி வரும். தொடும் விசையின் பெயரையும், அதற்கு வேலை இருந்தால் அதையும் சொல்லும். அந்தக் குரல் தமிழில் பேசிய அன்று, சாப்பிடக் கூப்பிட்டும் எழாமல் தட்டிக்கொண்டே இருந்தாள்.