கைபோன போக்கில் வரைய: அக்ரிலிக்கா, வாட்டர்கலரா?
ஓவியம், கொலாஜ் (தாள், படத் துண்டுகளை ஒட்டிச் செய்வது), சுடுமண் என்று தாவித் தாவிக் கற்பவர் முதலில் அக்ரிலிக் வண்ணம் வாங்கலாம். மெல்லிய பூச்சு 15–20 நிமிடத்தில் காயும். பிடிக்காவிட்டால் மேலேயே பூசி மறைக்கலாம். தாள், துணி, மரம், சுட்ட மண் எல்லாவற்றிலும் ஒட்டும்; கொலாஜுக்கு அதன் மேட் மீடியமே (பளபளக்காத, நிறமில்லாத அக்ரிலிக் கலவை) பசை. தண்ணீர் அதிகமானால் பிணைப்பு குறைந்து பூச்சு உதிரலாம். கழுவாமல் காய்ந்த பிரஷ் கல்தான்.

வாட்டர்கலரில் தாளின் வெண்மையே வெளிச்சம். மூடிவிட்டால் மீட்பது கடினம். 300 ஜிஎஸ்எம்முக்குக் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) குறைந்த தாள் நெளியும். பாதி காய்ந்த இடத்தில் ஈரப் பிரஷ் பட்டால் ஓரம் சிதறிக் கறை படரும் (சிலருக்கு அதுதான் வேண்டும்). தேலோ நீலம் என்ற அடர்நீல நிறமி தாளில் ஊறிவிடும், முழுதாக ஒற்றியெடுக்க முடியாது. பேனாக் கோடும் வேண்டுமென்றால் தண்ணீரில் கரையாத மையில் வரைந்து, நன்றாகக் காயவிட்டே வண்ணம் தொட வேண்டும்.