தானியங்கி சோப் டிஸ்பென்சரா, கையால் அழுத்தும் பம்பா?

தொடாமல் சோப்பு வருவதால் கிருமி பரவாது என்பார்கள். வீட்டில் அது பெரிய விஷயமில்லை. பம்பைத் தொட்ட கையைத்தான் உடனே கழுவுகிறோமே. 20 நொடி நன்றாகத் தேய்ப்பதுதான் முக்கியம். தானியங்கி உண்மையில் கைகொடுப்பது சமையலறையில்தான். பச்சை இறைச்சி தொட்ட கையோடு எதையும் தொடாமல் சோப்பு எடுக்கலாம். விரல் மூட்டு வலி உள்ளவர்களுக்கும் அது பெரிய உதவி.

ஆனால் சென்சார், மோட்டார், பேட்டரி என்று பழுதாக இடம் அதிகம். கெட்டியான சோப்பு அடைத்துக்கொள்ளும். பேட்டரி அறைக்குள் தண்ணீர் புகுந்தால் அப்புறம் துருதான். பம்போ அடைத்தால் வெந்நீரில் அலசினாலே பெரும்பாலும் சரியாகிவிடும், விலையும் குறைவு.

என்னைக் கேட்டால் குளியலறைக்குப் பம்பே போதும். தானியங்கி வேண்டுமென்றால் சமையலறைக்கு மட்டும், பேட்டரி அறை இறுக்கமாக மூடுகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.